ரூமினேஷனுக்கு 'அசைபோடுதல்' பொருந்துமா?

> ரூமினேஷன் = அசைபோடுதல். இலத்தீன் மூலமும் மாடு அசைபோடுவதுதான். ரிஃப்ளெக்‌ஷன் = மீள்சிந்தனை. இரண்டையும் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

ஐயா, ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் இந்த இரண்டை மட்டும் அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். மூலம் நீங்கள் சொன்னதுதான். ரூமென் என்பது மாட்டின் முதல் இரைப்பை. ஆனால் நாம் சொல் தேடுவது உளவியல் பாடத்துக்கு. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா 1991இல் இந்தச் சொல்லை எடுத்து எழுதியபோது மேய்ச்சல் நிலத்தை நினைத்து எழுதவில்லை. மனம் சோர்ந்தவர் தன் சோர்வையே நினைப்பார். ஏன் வந்தது, இனி என்ன ஆகுமோ என்று சுற்றிச் சுற்றி அதிலேயே நிற்பார், தீர்க்க ஒன்றும் செய்யமாட்டார். அப்படி நினைக்க நினைக்கச் சோர்வு நீளும் என்றார்.

இப்போது 'பள்ளிக்கூட நாள்களை அசைபோட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். அதில் நோவு எங்கே இருக்கிறது? திண்ணையும் தேநீரும்தான் இருக்கின்றன.

இங்கே மொரீஷியசில் ஃப்ளாக் பக்கம் எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு மாடு நின்றது. காலையில் கரும்புத் தோகையை அவசர அவசரமாக இழுத்து விழுங்கும். மதியம் மாமரத்தடியில் படுத்து, கண்ணை அரைவாசி மூடித் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருக்கும். கழுத்துக்குள் ஓர் உருண்டை மேலேறுவது வெளியே தெரியும். மென்று முடித்ததும் அது கீழே இறங்குவதும் தெரியும். ஒரு மூச்சு விட்டு அடுத்த உருண்டை. சின்ன வயதில் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவசரத்தில் விழுங்கியதை நிதானமாக எடுத்து மென்று செரித்துவிடுகிறது. உளவியல் சொல்கிற ரூமினேஷனில் எதுவும் செரிப்பதில்லை, அதுதானே நோய்.

மாடு செய்வது ரிஃப்ளெக்‌ஷன், ஐயா. அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் தொழில் செய்கிறவரின் யோசனையை, செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது, செய்து முடித்தபின் யோசிப்பது என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது அப்படியே மாமரத்தடிதான். காலையில் ஓடி ஓடிப் பாடம் நடத்துகிறோம், சாயங்காலம் எடுத்து மெல்லுகிறோம்.

அதற்குப் 'பிரதிபலிப்பு' என்ற சொல் வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலமும் கண்ணாடியைக் காட்டுகிறது, பிரெஞ்சின் 'ரெஃப்லேஷிர்' என்பதும் அதே கண்ணாடிதான். மொரீஷியசில் இரண்டு பக்கமிருந்தும் ஒளி அடிப்பதால் கண் கூசி அந்தச் சொல்லை எழுதிவிடுகிறோம். நான் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு படிவத்தில் 'இன்றைய பாடம் பற்றிய பிரதிபலிப்பு' என்று தலைப்பு. என் பக்கத்தில் இருந்தவர், 'சன்னல் வெயில் பலகையில் பட்டுக் கடைசி வரிசைக்கு எழுத்து தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு?

'மீள்சிந்தனை' தப்பான சொல் இல்லை. ஆனால் முடிவை மாற்ற மறுபடி யோசிக்கிறார் என்றுதான் எனக்குக் காதில் விழுகிறது. மீள்பார்வை, மீளாய்வு, மீள்பதிவு என்று எல்லாவற்றுக்கும் 'மீள்' ஒட்டி அதன் பசையே போய்விட்டது.

அப்படியானால் ரூமினேஷனுக்கு? இங்கே கிரியோலில் கவலைப்படுகிறவரிடம் 'பா காஸ் லாதெத்' என்போம், மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்று. கணக்கு வராதவனும் மண்டையை உடைத்துக்கொள்வான், அதனால் அது கலைச்சொல்லுக்கு ஆகாது. என் பாட்டி சொன்ன சொல் ஒன்று இருக்கிறது: 'உள்ளுக்குள்ளேயே மருகிக்கிட்டு இருக்கா.' நினைப்பு, சுற்றல், வருத்தம் மூன்றும் ஒரே சொல்லில். மருகல் என்று மட்டும் வைத்தால், காவடி நாளில் 'மால் மருகா' கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முருகன் பக்கம் போய்விடுவார்கள். மனமருகல் என்றால் குழப்பம் இல்லை. மனமருகல், மருகும் எண்ணங்கள், மருகுகிறார். ரிஃப்ளெக்‌ஷன் பக்கம் அசைபோடல், அசைபோட்டார், அசைபோடல் ஏடு. வினையாக்கிப் பார்த்தேன், இரண்டும் வாயில் தடுக்கவில்லை.

பாண்டர் (ponder) என்பதற்குப் பட்டியலில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அது எடையிலிருந்து வந்த சொல்; நம் 'சீர்தூக்குதல்' அதே தராசுதான், கேள்விக்குறியை எடுத்துவிடலாம். எனக்கு ஆற்றாமை டெலிபரேஷனில்தான். முடிவெடுக்கும் முன் ஆராய்வதைத் திருக்குறள் 671ஆம் குறளில் 'சூழ்ச்சி' என்கிறது. அந்த நல்ல சொல்லைச் சினிமா வில்லனிடம் கொடுத்துவிட்டு நாம் 'கலந்தாய்வு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

---

> மிஸ், மனமருகல் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 'அசைபோடல் ஏடு' என்று அச்சிட்டுக் கொடுத்தால் அட்டையில் மாடு வரைந்துவிடுவார்களே?

வரையட்டும் ஐயா, வெயிலை எழுதியதற்கு இது எவ்வளவோ மேல். 'ஏடு' மட்டும் கொஞ்சம் பழையதாகத் தெரிகிறது. 'அசைபோடல் குறிப்பேடு' என்று மாற்றினால் உங்களுக்குச் சம்மதமா?