குவாட் 405 ஆம்ப்ளிஃபையரில் உதிரிகளை மாற்றினால் ஒலி உண்மையிலேயே மாறுமா?

மந்தரஸ்தாயி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா எண்பதுகளில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த குவாட் 405 பவர் ஆம்ப்ளிஃபையர் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 405-2 அல்ல, அதற்கு முந்தையது. மூடியைத் திறந்து பார்த்ததில் இரு பலகைகளிலும் எல்எம்301ஏ ஆப்-ஆம்ப் (உள்ளே வரும் சிறு சிக்னலைப் பெருக்கும் சிப்) இருக்கிறது. நன்றாகவே பாடுகிறது. குறை என்று சொன்னால் இரண்டுதான்: பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கிறது; ப்ரீஆம்ப்பின் (பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வரும் பெட்டியின்) வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிர்கிறது.

இதைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் மூன்று மாற்றங்களைப் பரிந்துரைத்தார்கள். ஆப்-ஆம்ப்பை எடுத்துவிட்டு ஓபிஏ134 போடுவது, மின்வழங்கியில் உள்ள 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை 22,000 ஆக உயர்த்துவது, ஒலி செல்லும் வழியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் (உள்ளே திரவம் உள்ள) மின்தேக்கிகளை எல்லாம் ஃபிலிம் (பிளாஸ்டிக் படலத்தாலான) வகைக்கு மாற்றுவது. இவற்றைச் செய்தால் பாடகருக்கும் நமக்கும் இடையே இருக்கும் திரை விலகிவிடும் என்கிறார்கள். இணையத்தில் விற்கப்படும் மேம்பாட்டுத் தொகுப்புகளின் விளம்பரங்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன.

நான் பெரும்பாலும் கர்நாடக இசைதான் கேட்கிறேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒலிக்கும் விதத்திலும் தம்பூராவின் ரீங்காரத்திலும் இம்மாற்றங்களால் ஏதேனும் வேறுபாடு தெரியுமா? தெரியுமென்றால் அது எதனால் வருகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

சால்டர்மணி எழுதியது:

வணக்கம் ஐயா. இந்த மூன்று மாற்றங்களும் மூன்று வெவ்வேறு காரியங்களைச் செய்பவை. அவற்றை ஒரே பொட்டலமாக விற்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் உங்கள் ஆம்ப்ளிஃபையர் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். பீட்டர் வாக்கரும் மைக்கேல் அல்பின்சனும் உருவாக்கி 1975இல் வெளிவந்த இந்த 405இல், எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் தரமான சிறிய 'ஏ' வகுப்புப் பகுதி ஒன்றும், சும்மா இருக்கும்போது மின்னோட்டமே இல்லாத முரட்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. முரட்டு டிரான்சிஸ்டர்கள் செய்யும் பிழையைச் சிறிய பகுதி ஈடுகட்ட வேண்டுமென்றால் நான்கு உதிரிகளுக்கு இடையே ஒரு சமநிலை நிலவ வேண்டும்: 47 ஓம், 500 ஓம், 120 பிகோஃபாரட், 3 மைக்ரோஹென்றி. முதல் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 2.82 மைக்ரோஹென்றி வரும். நான்காவதுடன் அது பொருந்துவதால்தான் இந்தச் சுற்றில் திருகிச் சரிசெய்ய வேண்டிய முன்னமைப்பு எதுவுமே இல்லை. 'ஆடியோ தரம்' என்ற பெயரில் அந்த 120 பிகோஃபாரட்டையோ சுருளையோ மதிப்புச் சற்றே வேறான ஒன்றால் மாற்றிவிட்டால் சமநிலை குலைந்து சிதைவு கூடும். ஒலி மாறியதென்னவோ உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

இப்போது ஆப்-ஆம்ப்புக்கு வருவோம். 405க்கு அரை வோல்ட் கொடுத்தால் முழு 100 வாட்டும் வந்துவிடும். எட்டு ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் என்பது 28.3 வோல்ட், ஆக மொத்தப் பெருக்கம் சுமார் 56 மடங்கு. இதில் ஏறத்தாழ 15 மடங்கை ஆப்-ஆம்ப்பும் மீதியை அடுத்த கட்டமும் தருகின்றன. 20 கிலோஹெர்ட்ஸில் முழு வலுவும் தேவைப்பட்டால் ஆப்-ஆம்ப்பின் வெளியீடு ஒரு மைக்ரோநொடிக்குச் சுமார் 1.3 வோல்ட் வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். எல்எம்301ஏ வழக்கமான 30 பிகோஃபாரட் ஈடுகட்டலுடன் (தானாக அலைவுறாமல் தடுக்கச் சேர்க்கும் மின்தேக்கியுடன்) அரை வோல்ட் வேகத்தில்தான் ஓடும். டிஎல்071 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப்புக்கு இதே வேகம் 13 வோல்ட், ஓபிஏ134க்கு 20 வோல்ட். இசையில் 20 கிலோஹெர்ட்ஸ் முழு வலுவில் வருவதில்லை என்பதால் இது பெரிய ஆபத்தல்ல. இருந்தாலும் பழைய சிப்பை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. குவாட் நிறுவனமே பின்னர் டிஎல்071க்கு மாறியது. டிஎல்071இலிருந்து ஓபிஏ134க்குப் போவதால் மேலும் என்ன கிடைக்கும் என்று கேட்டால், என் பதில் மிகச் சுருக்கம்: அதிகமில்லை.

இரைச்சலைக் கணக்கிட்டாலே இது விளங்கும். தரவுத்தாளின்படி டிஎல்071இன் இரைச்சல் 18 நானோவோல்ட், ஓபிஏ134இன் இரைச்சல் 8 நானோவோல்ட். இரண்டும் ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கான மதிப்புகள். ஆனால் உள்ளீட்டில் இருக்கும் ஏறத்தாழ 20 கிலோஓம் மின்தடையே தன் வெப்பத்தால் 18 நானோவோல்ட் இரைச்சலை உண்டாக்குகிறது. எவ்வளவு விலை உயர்ந்த சிப்பைப் போட்டாலும் அந்த மின்தடை அங்கேயேதான் இருக்கும். ஆகவே மொத்த இரைச்சல் சுமார் 2 டெசிபல் குறையும், அவ்வளவுதான்.

உங்கள் இரு குறைகளுக்கும் வேர் ஒன்றே: தேவைக்கு மிஞ்சிய பெருக்கம். அந்தக் காலத்துக் குவாட் ப்ரீஆம்ப்கள் அரை வோல்ட் தருபவை. இன்றைய சிடி பிளேயரும் டிஜிட்டல் பெட்டிகளும் 2 வோல்ட் தருகின்றன. ஆப்-ஆம்ப் கட்டத்தின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தால், சிப்பைத் தொடாமலேயே அந்தக் கட்டத்தின் இரைச்சல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும்; வால்யூம் குமிழும் வசதியான இடத்துக்கு வரும். செலவு சில மின்தடைகள்.

பெரிய மின்தேக்கிகளைப் பொறுத்தவரை, பழையவற்றை மாற்றுவது வேறு, மதிப்பைக் கூட்டுவது வேறு. 405இன் முகப்பே வெப்பத்தகடு. அதைக் காற்றோட்டமில்லாத அலமாரியில், நம் ஊர் வெயிலில், பல ஆண்டுகள் வைத்திருந்தால் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி உலர்ந்துபோகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 3 ஆம்பியர் இழுக்கும்போது 10,000 மைக்ரோஃபாரட்டில் சுமார் 3 வோல்ட் சிற்றலை (மின்வழங்கியின் மின்னழுத்த ஏற்ற இறக்கம்) வரும். அது உலர்ந்து 6,000 ஆகியிருந்தால் 5 வோல்ட். புதிய 10,000 போட்டால் இழந்தது திரும்ப வரும். 22,000 போட்டால் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும்; கிடைப்பதோ உச்ச வலுவுக்கு அருகில் மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம். நீங்கள் கேட்கும் அளவில் அந்த இடத்துக்கு வேலையே இருக்காது.

குழல்விளக்கு எழுதியது:

மணி அவர்களின் கணக்குகளை மறுக்கவில்லை. ஆனால் அளவுகோலில் விழாதது எதுவும் காதில் விழாது என்ற தொனியை ஏற்க முடியவில்லை. நான் வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவன். வால்வை மாற்றினால் தம்பூராவின் ஜீவா, அதாவது அந்த ரீங்காரமே மாறுவதைக் கேட்டிருக்கிறேன். ஃபிலிம் மின்தேக்கி போட்ட பிறகு வயலினின் மேல் ஸ்தாயி தெளிந்ததையும் கேட்டிருக்கிறேன். கடைசியில் பாட்டைக் கேட்பது மல்டிமீட்டர் அல்ல, மனிதன்தான். பெரியப்பாவின் பெட்டியை அப்படியே வைத்திருப்பது ஒரு மரியாதை என்றால், அதை இன்னும் நன்றாகப் பாடவைப்பதும் மரியாதைதான். ஓபிஏ134 ஒன்றும் சொத்தை எழுதிக் கேட்கும் விலையல்ல. சாக்கெட் வைத்து மாற்றிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் பழையதைச் செருகிவிடலாம்.

பழையரேடியோ எழுதியது:

குழல்விளக்கு அவர்கள் கேட்டது மெய்யாகவே இருக்கலாம், அதற்கு மர்மக் காரணமும் தேவையில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர்களின் வெளியீட்டு மின்மறுப்பு (ஸ்பீக்கருடன் தொடராக நிற்கும் உள்மின்தடை போன்றது) பெரும்பாலும் அதிகம். அது 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் ஒலியளவு இடத்துக்கு இடம் சுமார் 1.5 டெசிபல் வேறுபடும். அதை யார் காதும் பிடித்துவிடும். 1985இல் பாப் கார்வர் தம் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையர்போலவே ஒலிக்கவைக்க முடியும் என்று ஸ்டீரியோஃபைல் இதழிடம் சவால்விட்டு, இரண்டின் வெளியீட்டையும் எதிரெதிரே கழித்துப் பார்த்து, எஞ்சும் வேறுபாடு 70 டெசிபல் கீழே போகும்வரை உதிரிகளை மாற்றிக்கொண்டே போனார். இதழின் செவிகளால் அதன்பின் பிரித்தறிய முடியவில்லை. உதிரிகளை மாற்றினால் ஒலி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மாறியதை அளக்கவும் முடியும் என்பதற்கும் இதுவே சான்று.

மறுபக்கமும் உண்டு. குவாட் 2 என்ற வால்வு ஆம்ப்ளிஃபையர், 303, 405 ஆகிய மூன்றையும் ஜேம்ஸ் மோயர் கண்கட்டுச் சோதனைக்கு உட்படுத்தி 1978இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் எழுதினார். கேட்டவர்களால் அவற்றை நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. மூன்று தலைமுறைச் சுற்றுகளையே பிரிக்க முடியாதபோது, ஒரு சிப்புக்கும் அடுத்த சிப்புக்கும் இடையே திரை விலகுகிறது என்பதை நான் கொஞ்சம் ஐயத்துடன்தான் கேட்பேன்.

ஃபிலிம் மின்தேக்கியால் மேல் ஸ்தாயி தெளிவது பெரும்பாலும் ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரில் (ஒலியை மேல், கீழ் எனப் பிரித்தனுப்பும் சுற்றில்) நடப்பது. பழைய எலக்ட்ரோலிட்டிக்கின் உள்மின்தடை ட்வீட்டரின் (மேல் ஸ்தாயிக்கான சிறு ஸ்பீக்கரின்) ஒலியைச் சற்று அடக்கி வைத்திருக்கும். ஃபிலிம் வகையில் அந்த மின்தடை இல்லாததால் ட்வீட்டர் கொஞ்சம் உரக்கப் பாடும், நாம் அதைத் தெளிவு என்கிறோம். ஆம்ப்ளிஃபையருக்குள் கதை வேறு. 20 கிலோஓமுக்கு முன்னால் இருக்கும் 10 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு, இடம் போதாமல் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் போட்டால் கீழ் எல்லை 0.8 ஹெர்ட்ஸிலிருந்து 8 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 20 ஹெர்ட்ஸில் அரை டெசிபலுக்கு மேல் இழப்பு. மிருதங்கத் தொப்பியின் அதிர்வு அதைவிட மேலே இருப்பதால் உங்களுக்கு அதுவும் தெரியாது. ஆனால் டப்பா பெரிதாக இருக்கும் ஃபிலிம் மின்தேக்கி டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஹம்மை (மின்சாரத்தின் உறுமலை) பிடித்து உள்ளே விடும்; அது நன்றாகவே தெரியும்.

மந்தரஸ்தாயி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மின்வழங்கி மின்தேக்கிகளை அதே 10,000 மதிப்பில் மாற்றுவது, பெருக்கத்தைக் குறைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆப்-ஆம்ப்பையும் மாற்றிப் பார்க்க ஆசை விடவில்லை. சாக்கெட் யோசனை நன்றாக இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? மாற்றத்தை நேர்மையாக ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

சால்டர்மணி எழுதியது:

எல்எம்301ஏ-க்கு 1, 8 ஆகிய கால்களுக்கு இடையே வெளியிலிருந்து ஈடுகட்டும் மின்தேக்கி தேவை. ஓபிஏ134இல் அதே இரு கால்கள் ஆஃப்செட் (வெளியீட்டில் எஞ்சும் சிறு டிசி பிழை) திருத்தத்துக்கானவை. எனவே சாக்கெட்டில் செருகியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காமல், அந்த மின்தேக்கியின் ஒரு காலையாவது பலகையிலிருந்து கழற்றிவிடுங்கள். பலர் இதை விட்டுவிட்டுத்தான் 'புதிய சிப் கரடுமுரடாக ஒலிக்கிறது' என்று எழுதுகிறார்கள். என்ஈ5534ஐ யாராவது பரிந்துரைத்தால், அது மூன்று மடங்குக்குக் குறைவான பெருக்கத்தில் வெளி ஈடுகட்டல் இல்லாமல் அலைவுறும் என்பதையும் நினைவில் வையுங்கள்; அந்த அலைவு மெகாஹெர்ட்ஸில் நடப்பதால் மல்டிமீட்டர் காட்டாது, அலைவுகாட்டி வேண்டும். மேற்புறத்தைத் தேய்த்து வேறு எண் அச்சிட்ட சிப்கள் இணையச் சந்தையில் ஏராளம், ஆகவே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். உள்ளே கை வைக்கும் முன் இரு பெரிய மின்தேக்கிகளையும் ஒரு மின்தடை வழியாக வடித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 50 வோல்ட் நிற்கும்.

ஒப்பிடுவதற்கு 405 ஒரு வசதி தருகிறது: இரு பலகைகளும் ஒன்றுபோலவே இருப்பவை. இரண்டிலும் பெருக்கத்தைச் சமமாகக் குறைத்துவிட்டு, ஆப்-ஆம்ப்பை ஒரு பலகையில் மட்டும் மாற்றுங்கள். மோனோ ஒலியை இரண்டுக்கும் கொடுத்து, ஒரே ஸ்பீக்கரை மாறிமாறி இணைத்துக் கேளுங்கள்; ஆம்ப்பை அணைத்துவிட்டு இணைப்பை மாற்றும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும், எது எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு முன் 100 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு இரு வெளியீடுகளையும் அளந்து 0.1 டெசிபலுக்குள் சமன்செய்யுங்கள், 2.83 வோல்ட்டில் அது 33 மில்லிவோல்ட். தொனி 1 கிலோஹெர்ட்ஸாக இருந்தால் மலிவான மல்டிமீட்டர்கள் பல தவறாகக் காட்டும், அதனால்தான் 100 என்றேன். புதிய சிப் போட்ட பலகையின் வெளியீட்டில் ஸ்பீக்கரை இணைக்கும் முன் டிசி மின்னழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். சில மில்லிவோல்ட்டுகள் இருந்தால் பரவாயில்லை, வோல்ட் கணக்கில் இருந்தால் உடனே அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.