ஸ்வெட்டருக்கு எத்தனை பந்து நூல்? நார்வேக்குப் புதுசு, பார்னஹாகே (மழலையர் பள்ளி) போற குழந்தைக்காகக் கேட்கிறேன்

ஸ்டவாங்கரிலிருந்து கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட்ல சென்னையிலிருந்து இங்க வந்தோம். பொண்ணுக்கு நாலு வயசு, பார்னஹாகே போக ஆரம்பிச்சிருக்கா. அங்க குடுத்த துணி லிஸ்ட்ல பாதிக்கு மேல கம்பளிதான். ரெடிமேட் விலையைப் பார்த்துட்டு நானே பின்னிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பின்னத் தெரியும், ஆனா ஊர்ல நூல் வாங்கறது எப்பவும் அம்மா பொறுப்பு. இங்க கடையில எல்லாமே 50 கிராம் பந்து. சிலது உள்ளங்கையில அடங்குது, சிலது புஸ்னு பெருசா இருக்கு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு பின்னணும். எத்தனை பந்து வாங்கணும்? அம்மா அக்ரிலிக் நூல் ஒரு கிலோ அனுப்பறேன்னு சொல்றாங்க, அது ஆகுமா?

ட்ரொண்ட்ஹைமிலிருந்து பதில்:

தங்கச்சி, அந்த 50 கிராமை முதல்ல மறந்துவிடுங்கோ. பந்தைச் சுத்தின தாளில கிராமுக்குப் பக்கத்திலயே மீற்றரும் போட்டிருக்கும். கடைக்காரரிட்டக் கேக்கிறதெண்டால் ‘லோப்பெலெங்டெ’ (பந்தில இருக்கிற நூலின்ர நீளம்) எண்டு கேளுங்கோ. சுவெற்றர் தின்னுறது நீளத்தை, நிறையை இல்லை. சண்ட்னெஸ் கார்ன் உங்களுக்குப் பக்கத்து ஊர்க் கொம்பனிதான், அவையின்ர நூலையே எடுங்கோ. ‘ஸ்மார்ட்’ 50 கிராம் 100 மீற்றர். ‘பேர் கின்ட்’ அதே 50 கிராம், 91 மீற்றர். ‘தின் மெரினோஉல்’ 175 மீற்றர். ரவிக்கைத் துணியின்ர அகலம் தெரியாமல் எத்தினை மீற்றர் வேணும் எண்டு சொல்லேலாதுதானே, இதுவும் அப்பிடித்தான்.

தாளில இன்னொரு எண் இருக்கும், 10 செ.மீ. அகலத்துக்கு எத்தினை கண்ணி எண்டு. ஸ்மார்ட்டும் பேர் கின்ட்டும் 22, தின் மெரினோஉல் 27. நூலை மாத்தேக்க முதல்ல இந்த எண் ஒத்துப்போக வேணும், பிறகுதான் மீற்றர் கணக்கு. 5 பந்து ஸ்மார்ட் கேக்கிற பற்றேணுக்கு (பின்னல் குறிப்புக்கு) 500 மீற்றர். அதையே பேர் கின்ட்டில பின்னினால் 500ஐ 91ஆல பிரிக்க ஐஞ்சரை வரும், ஆறு பந்து வாங்குங்கோ. ஆனால் 22 கண்ணிக்கு எழுதின பற்றேணை 27 கண்ணி நூலில பின்னினால், மீற்றர் எவ்வளவு சரியா இருந்தாலும், பிள்ளைக்குப் பதிலாப் பொம்மைக்குத்தான் போடலாம்.

பற்றேண் இல்லாமல் கைக்கணக்கில பின்னுற ஆளெண்டால் வழி இருக்கு. ஒரே ஒரு பந்து வாங்கி, 20 செ.மீ.க்கு 20 செ.மீ. ஒரு துண்டு பின்னுங்கோ. பெரிசு எண்டு பஞ்சிப்படாதேங்கோ. 10க்கு 10 துண்டு 5 கிராம்தான் வரும். அதில குசினித் தராசு ஒரு கிராம் பிழைச்சால் கணக்கில ஐஞ்சில ஒரு பங்கு பிழைச்சுப்போகும். பின்னினதைத் தோய்ச்சு, தட்டையாக் காயவிட்டு, பிறகு அளவுங்கோ. சூப்பர்வோஷ், அதாவது மெஷினில தோய்க்கக்கூடிய கம்பளி, தண்ணி பட்டால் தளர்ந்து நீளும். தோய்க்க முதல் எடுத்த அளவை நம்பேலாது.

இப்ப பிள்ளைக்கு அளவான சுவெற்றர் ஒண்டை நிலத்தில விரியுங்கோ. பிள்ளையை அளக்க வேண்டாம், நாலு வயசு நிக்காது. சுத்தளவு 68, உயரம் 42 எண்டு வைப்பம்: 2856. கை நீளம் 30, சராசரிச் சுத்து 22, ரெண்டு கைக்கும் 1320. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4200 சதுர செ.மீ. உங்கட துண்டு 400. அப்ப அந்தச் சுவெற்றர் பத்தரைத் துண்டு. ஒரு துண்டு 21 கிராம் எண்டால் 220 கிராம். கழுத்து வெட்டைக் கழிக்க வேண்டாம். விளிம்பு ரிப், கழுத்துப் பட்டி, நூல் வால் எல்லாத்துக்கும் பத்தில ஒரு பங்கு கூட்டுங்கோ, 242 வரும். ஐஞ்சு பந்து 250 கிராம், மிச்சம் எட்டே கிராம். ஆறு வாங்குங்கோ.

உங்களுக்கும் இதே கணக்குத்தான். சுத்தளவு 100, உயரம் 60, கை 45க்கு 32 எண்டால் 8880. 22 துண்டுக்குக் கொஞ்சம் மேல. பத்தில ஒண்டு கூட்ட 513 கிராம், பதினொரு பந்து. ஆனால் தடிச்ச நூல் எடுக்காதேங்கோ. இங்க வீட்டுக்குள்ள சூடு இருக்கும், வெளியில மேலால யக்கெற் போடுவியள். தடிச்ச சுவெற்றர் ரெண்டு இடத்திலயும் உபத்திரவம்.

அக்ரிலிக் பார்னஹாகேக்கு வேண்டாம். அவையள் மழையிலயும் பிள்ளையளை வெளியில விடுவினம். கம்பளி ஈரப்பட்டாலும் சூட்டைப் பிடிச்சு வைக்கும், அக்ரிலிக் குளிரும். காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நெருப்பு மூட்டிச் சொசேஜ் சுடுவினம். பொறி விழுந்தால் அக்ரிலிக் உருகித் தோலில ஒட்டும், கம்பளி கருகி நிண்டுபோம். அம்மாவை அந்த ஒரு கிலோவை வைச்சிருக்கச் சொல்லுங்கோ, சோபாக் கவர் பின்னலாம்.

ஸ்டவாங்கரிலிருந்து:

ரொம்ப நன்றி அக்கா! இங்க எல்லாரும் போட்டிருக்கிற அந்த நீலம், வெள்ளை, சிவப்பு மாரியுஸ் மாதிரி கலர் டிசைன் போட ஆசை. அதுக்கும் இதே கணக்கா? பந்தை ஒவ்வொண்ணா வாங்கிக்கலாமா, மொத்தமா செலவு பண்ணத் தயக்கமா இருக்கு.

ட்ரொண்ட்ஹைமிலிருந்து:

ரெண்டு கேள்விக்கும் இல்லை. ரெண்டு நிறத்தில பின்னேக்க பாவிக்காத நூல் பின்பக்கத்தால ஓடிக்கொண்டே வரும், அந்த நீளமும் கணக்கில சேரும். அதால மாதிரித் துண்டை அந்தச் சித்திரத்திலயே பின்னி நிறுங்கோ. வெறும் பின்னலில பின்னின துண்டு உங்களை ஏமாத்தும். கயிறு மாதிரி முறுக்கிற பின்னலும் அப்பிடித்தான், அது சாதாரணப் பின்னலை விட நாலில ஒரு பங்கு வரை கூடத் தின்னும். பிள்ளை அளவுக்குத் தோளில மட்டும் சித்திரம் எண்டால் உப நிறம் ஒவ்வொண்டிலும் ஒரு பந்து காணும். சிவப்பு ரெண்டு வரிதான் வந்தாலும் கடையில கால் பந்து தரமாட்டினம்.

ஒவ்வொண்டா வாங்கவே வாங்காதேங்கோ. தாளில ‘பார்ட்டிநும்மர்’ எண்டு ஒரு இலக்கம் இருக்கும், ஒரே தொட்டியில சாயம் போட்ட நூலுக்கு ஒரே இலக்கம். இலக்கம் மாறினால் கடை வெளிச்சத்தில ஒண்டு போலத் தெரியும், வெயிலில நெஞ்சுக்குக் குறுக்கால கோடு விழும். துண்டு பின்ன வாங்கின முதல் பந்து வேற இலக்கமா வந்தால் அதைக் கழுத்துக்கும் விளிம்புக்கும் வையுங்கோ. மிச்சத்தை ஒரே நாளில, ஒரே இலக்கத்தில எடுங்கோ. பிரிக்காத முழுப்பந்தைத் திருப்பி எடுப்பினமோ எண்டு காசு குடுக்க முதல் கேட்டு, ரசீதையும் தாளையும் எறியாமல் வைச்சிருங்கோ. அப்ப ஒரு பந்து கூட வாங்கிறதில நட்டமே இல்லை. வழியில்லாமல் ரெண்டு இலக்கம் கலந்து வந்தால், ரெண்டு பந்தையும் மாறி மாறி ரெண்டு ரெண்டு வரி பின்னுங்கோ, கோடு தெரியாது.

ஒஸ்லோவிலிருந்து:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். நான் கோயம்புத்தூர்க்காரன், பின்னக் கத்துக்கிட்டதே இங்க வந்துதான். ஆம்பளை பின்னினா யாரும் ஒரு மாதிரியா பார்க்கிற ஊர் இல்ல இது. ஃப்ரெடெக்ஸ் செகண்ட் ஹேண்ட் கடையிலயும், ஆளுங்க பழைய சாமான் விக்கிற ஃபின் இணையதளத்திலயும் மிச்ச நூல் மலிவா வரும், ஆனா பாதிக்குத் தாள் இருக்காது. 20 மீட்டர் அளந்து இழுத்துத் தராசுல வைங்க. 10 கிராம் காட்டினா 50 கிராமுக்கு 100 மீட்டர், ஸ்மார்ட் ரகம். மொத்தப் பையையும் எடை போட்டா எத்தனை மீட்டர்னு தெரிஞ்சிடும். கம்பளியான்னு சந்தேகமா இருந்தா ஒரு துணுக்கை சிங்க்குக்கு மேல பிடிச்சுக் கொளுத்துங்க. கம்பளின்னா முடி கருகற நாத்தம் வரும், சாம்பல் விரல்ல பொடியும். அக்ரிலிக் உருகி மணி மாதிரி கெட்டியாகும். இந்த மாதிரி நூல்ல குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ் பின்னலாம். பெரிய ஸ்வெட்டருக்கு வேண்டாம், நடுவுல தீர்ந்தா அதே நூல் திரும்பக் கிடைக்காது.

ஸ்டவாங்கரிலிருந்து:

துண்டு பின்னிட்டேன்! ஸ்மார்ட்தான், ஒரே கலர். துவைச்சுக் காயவெச்சு அளந்தா சரியா 20க்கு 20, ஆனா 23 கிராம் காட்டுது. நான் இறுக்கமா பின்றேனா?

ட்ரொண்ட்ஹைமிலிருந்து:

10 செ.மீ.க்கு எத்தினை கண்ணி எண்டு எண்ணிப் பாருங்கோ. 22க்கு மேல போனால் ஊசியை ஒரு அரை மில்லிமீற்றர் கூட்டி இன்னொருக்கா. 22தான் எண்டால் உங்கட கை அப்பிடி, விட்டுவிடுங்கோ. பத்தரைத் துண்டு, 23 கிராம்: 241. பத்தில ஒண்டு கூட்ட 266. ஆறு பந்து.

ஆனால் நீங்கள் ஏழு வாங்குங்கோ. கழுத்தில தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னினால், நூல் காணாமல் வந்தாலும் உடம்பு ரெண்டு செ.மீ. கட்டையாகிறதோட போயிடும், கை அரைகுறையா நிக்காது. அதால உடம்பை முடிக்க முதல் ரெண்டு கையையும் பின்னி முடியுங்கோ. ஏழாவது பந்தைத் திருப்பிக் குடுக்க வேண்டாம். வாற வருசம் கை கட்டையாகும், அப்ப விளிம்பைப் பிரிச்சு அதே இலக்க நூலில நாலு விரல் நீட்டிவிடலாம்.