ஜெர்மனி காட்டுக்குள்ள வோல்சைஃபன்னு ஒரு ஊரு, எங்க இருக்கு, என்ன ஆச்சு?

செம்பனை_நிழல்:
வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியால சுங்கை சிப்புட் பக்கம். அக்கா மகன் ஜெர்மனில ஆகென்ல படிக்கிறான், போன மாசம் கூட்டாளிங்களோட காட்டுல நடக்கப் போனவன் கொஞ்சம் போட்டோ அனுப்பினான். மேட்டு மேல ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், சுத்தி ஜன்னல் கதவு ஒண்ணும் இல்லாம மொட்டையா வீடுங்க, மனுச வாடையே இல்ல. பேரு வோல்சைஃபன்னு மட்டும் சொன்னான், அதுக்கு மேல அவனுக்கும் தெரியல.

எனக்கு அதைப் பாத்ததும் நாங்க பொறந்த ரப்பர் தோட்டம்தான் கண்ணுல வந்துச்சு. தோட்டத்த வித்து லயத்த, அதான் வேலையாளுங்க இருந்த வரிசை வீடுங்கள, இடிச்சப்ப கடைசியா நின்னது மாரியம்மன் கோயிலும் புள்ளைங்கள பாத்துக்கிட்ட ஆயாக்கொட்டகை சுவரும்தான், காலைல பேரு கூப்பிடற பிரட்டுக்களம் எங்க இருந்துச்சுன்னு இப்ப என்னால கூட காட்ட முடியாது. அம்மாகிட்ட போட்டோவ காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "அங்க இருந்த சனமெல்லாம் எங்கடா போச்சு"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோலோன்_வாசி:
அண்ணே, நான் ஈப்போ ஆளு, வேலை விஷயமா நாலு வருஷம் கோலோன்ல இருந்தேன், அந்த ஊருக்கு ரெண்டு தடவ போயிருக்கேன். அது ஐஃபெல் மலைக்காட்டுல இருக்கு, பெல்ஜியம் எல்லைக்குக் கிட்ட, ஷ்லைடன்ங்கிற சின்ன டவுனோட எல்லைக்குள்ள. கீழ ஊர்ஃப்ட் ஏரி, அது 1905ல கட்டி முடிச்ச அணைக்கட்டு. ஏரிக்கு அந்தப் பக்கம் கெர்மெட்டர்னு அடர்ந்த பீச் மரக் காடு.

வரலாறு கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். ஊரு 800 வருஷத்துக்கும் மேல பழசு, வெவசாயம் பாத்த சனங்க. 1930கள்ல நாஜி கட்சிக்காரங்க பக்கத்து மேட்டுல ஃபோகெல்சாங்னு கட்சி ஆளுங்களுக்கு பெரிய பயிற்சிக்கூடம் கட்டினாங்க. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சதும் அந்த எடம் பிரிட்டிஷ் ராணுவத்துகிட்ட போச்சு, அவங்க சுத்துவட்டாரம் முழுசையும் சுட்டுப் பழகற எடமா எடுத்துக்கிட்டாங்க, அந்த வட்டத்துக்குள்ளதான் இந்த ஊரும் மாட்டிக்கிச்சு. சண்டையில அடி வாங்கின வீட்டயெல்லாம் சனங்க அப்பதான் சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க, 1946 ஆகஸ்ட்ல உத்தரவு வந்துச்சு, செப்டம்பர் 1க்குள்ள எல்லாரும் காலி பண்ணணும்னு. சுமார் 550 பேரு. ரெண்டு மூணு வாரத்துல ஒரு ஊரே கெளம்பிருச்சு.

அம்மா கேட்டதுக்கு பதில் என்னன்னா, நெறைய பேரு பக்கத்து ஊருங்கள்லயே சொந்தக்காரங்க வீட்லயும் கெடச்ச எடத்துலயும் ஒண்டிக்கிட்டாங்க. திரும்பி வந்துருவோம்னு நம்பினாங்க. 1950ல பிரிட்டிஷ் போயி பெல்ஜியம் ராணுவம் வந்துச்சு, அவங்களும் 2005 கடைசி வரைக்கும் விடல. உங்க மருமகன் பாத்த மொட்டை வீடுங்க ஊருக்காரங்க வீடு இல்ல, தெருச்சண்டை பழக ராணுவம் கட்டினது. பழைய வீடெல்லாம் குண்டுல போயிருச்சு. நெசமா அந்த ஊரோடதுன்னு மிஞ்சினது சர்ச், பள்ளிக்கூடம், ஒரு சின்ன கரண்ட் கட்டடம், இவ்ளோதான்.

மூத்த_தோட்டத்தான்:
தம்பி, படிச்சேன். நம்ம ஊருல 1948 ஜூன்ல கம்யூனிஸ்ட்காரங்க வெள்ளக்கார தொரைங்கள சுட்டதுக்கு அப்புறம் அவசரகாலம் வந்துச்சே, நான் அப்ப கைக்கொழந்த, எங்கப்பா சொல்லிச் சொல்லித்தான் தெரியும். காட்டோரம் இருந்த சீனங்கள லாரில ஏத்திக்கிட்டு போயி புதுக்கிராமத்துல வெச்சாங்க, தோட்டத்துல தள்ளித் தள்ளி இருந்த நம்ம லயங்களையும் ஒண்ணா சேத்து கம்பி வேலி போட்டாங்க. கிட்டத்தட்ட அதே காலம், அதே பிரிட்டிஷ் ராணுவம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க. அவங்க சொந்த நெலத்துல இருந்தவங்க, பறிகொடுத்தாங்க. நம்ம ஆளுங்க மூணு தலமுறை ரப்பர் பால் வெட்டியும் லயத்து வீடு ஒரு நாளும் நம்ம பேருல இருந்ததில்ல, வேலை போனா வீடும் போச்சு. அதான் நம்மளோடது சத்தமில்லாம அழிஞ்சது. எந்த வரைபடத்துல நம்ம லயம் இருக்கு சொல்லுங்க?

கோலோன்_வாசி:
ஐயா சொல்றது சரிதான். அதுக்காகத்தான் இன்னொண்ணும் சொல்ல நெனச்சேன். 2004ல அந்தக் காட்ட தேசியப் பூங்காவாக்கி, 2006லேர்ந்து யாரு வேணும்னாலும் போலாம்னு ஆச்சு. ஆனா திரும்பக் குடியேற விடல. அந்த ஊருல பொறந்தவங்களும் அவங்க புள்ளைங்களும் சேந்து ஒரு சங்கமா சர்ச்ச காப்பாத்தினாங்க, பள்ளிக்கூடத்துல பழைய போட்டோ எல்லாம் மாட்டியிருக்காங்க. நான் அங்க நின்னு ஒவ்வொரு மொகமா பாத்தேன், கல்யாணம், அறுவடை, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரிசையா நிக்கிறது, எல்லாம் நம்ம தோட்டத்து போட்டோ மாதிரியேதான் லா.

மருமகன் திரும்ப போனா கோலோன்லேர்ந்து ரயில்ல கால் ஸ்டேஷன், அங்கேர்ந்து பஸ்ல ஃபோகெல்சாங், அதுக்கப்புறம் நடைதான், காடி, வண்டி எதுவும் உள்ள போகாது. பாதைய விட்டு எறங்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க, வெடிக்காத குண்டு இன்னும் மண்ணுல கெடக்கு. மே கடைசில போனா அந்த மேடு பூரா மஞ்சப் பூவா இருக்கும்.

செம்பனை_நிழல்:
ரொம்ப நன்றி தம்பி, ஐயாவுக்கும். நேத்து ராத்திரி அம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காமிச்சேன். பக்கத்து ஊருங்கள்லயே இருந்தாங்கன்னதும் "பரவால்ல, கண்ணுக்கெட்டுற தூரத்துலயாச்சும் இருந்திருக்காங்க"ன்னாங்க. அப்புறம் அவங்களே காலண்டர் தாள் ஒண்ண கிழிச்சு பின்பக்கம் கோடு போட ஆரம்பிச்சுட்டாங்க, இது கிணறு, இது பால் ஸ்டோர், இது கிராணி (தோட்டத்து கிளார்க்) வீடு, மொத லயத்துல யாரு யாரு வீடுன்னு. 14 வீட்டுக்கு பேரு வந்துருச்சு, ரெண்டாவது லயத்துல மூணு வீடு ஞாபகம் வரல. ஞாயித்துக்கெழம பெரியம்மாவ போயி பாத்து கேக்கப் போறோம், அவங்க அந்த லயத்துலதான் இருந்தாங்க. ஐயா, உங்க பக்கத்து தோட்டத்துக்கும் நீங்க ஒண்ணு போடுங்க, நான் வந்து எழுதித் தர்றேன்.