லண்டன் குளங்களில் நியூட் பார்க்க வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். நம் இலங்கையில் வாலுள்ள ஈரூடகவாழியான நியூட் இயற்கையில் இல்லை என்பதால், தலங்கம குளக்கரையில் மழைக்கால இரவுகளில் தவளைகளைப் பார்த்துப் பழகிய நான், வரும் ஏப்ரலில் கொழும்பிலிருந்து லண்டனிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்லும்போது அதை அதன் குளத்திலேயே பார்க்க மிகவும் விரும்புகிறேன். ஆண் நியூட் பெண்ணின் முன்னே வாலை மடித்து விசிறுவதையும், பெண் தன் பின்னங்கால்களால் நீர்ச்செடியின் இலையை மடித்து முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே ஒட்டிவைப்பதையும் நேரில் காண வேண்டும். கொண்டை நியூட்டைத் தொந்தரவு செய்வது அங்கே சட்டப்படி குற்றம். அது சரியான சட்டமே. ஆகவே, சாதாரண நியூட் வாழும் குளமே எனக்குப் போதும். கையால் பிடிக்கும் எண்ணம் அறவே இல்லை. இருட்டிய பின்னரும் பொதுமக்களை அனுமதிக்கும் பூங்காக் குளங்கள் எவை, டோர்ச் வெளிச்சத்தை எவ்வளவு நேரம் பாய்ச்சலாம் என்பதை அங்குள்ள உறவுகள் தயவுசெய்து தெரிவிப்பீர்களா?