மறுமொழி: ‘மிகைப் பிட்’ என்பதற்குப் பதிலாகப் ‘பிணைப் பிட்’

அன்பார்ந்த கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வழியில் நேரும் பிழையைப் பெறுமிடத்திலேயே திருத்த உதவும் பிழைதிருத்தக் குறிமுறைகளில், செய்தியோடு சேர்த்து அனுப்பப்படும் கூடுதல் பிட்களுக்கு (0 அல்லது 1 என்ற இலக்கங்களுக்கு) ‘மிகைப் பிட்’ என்று வவுனியா ஆசிரியர் ஐயா முன்வைத்த சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ‘மிகை’ என்றதும் தேவைக்கு மேற்பட்டது, நீக்கினாலும் குறைவில்லாதது என்ற பொருளே மாணவர் மனத்தில் முதலில் எழும். இங்கோ அந்தப் பிட்களை நீக்கிவிட்டால் சிதைந்த செய்தியை மீட்க வழியே இல்லை.

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அளக்கும் உணரி ஒன்று, மாரி மழையின் நடுவே, அந்த அளவைக் கம்பியில்லா வழியில் கிளிநொச்சிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 12 பிட் இருந்தால் 4096 படிகளில் மட்டத்தைச் சொல்லிவிடலாம். மார்செல் கோலே 1949இல் வெளியிட்ட குறிமுறையின் நீட்டித்த வடிவில் அதை ஏற்றினால் 24 பிட் ஆகும். வழியில் அவற்றுள் எந்த மூன்று புரண்டாலும் (0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறினாலும்), பெறுமிடத்தில் மூல அளவை அப்படியே மீட்டெடுக்கலாம். வான்கதவைத் திறப்பதா என்ற முடிவு தங்கியிருக்கும் ஓர் எண்ணைக் காப்பாற்றித் தந்த 12 பிட்டை மிகை என்று அழைப்பது பொருந்தாது.

முல்லைத்தீவுத் தம்பி எழுதிய ‘காவற் பிட்’ இதைவிட நல்ல சொல். ஆனாலும் காவல் என்பது கெடுதி நேராமல் தடுப்பது. இந்தப் பிட்கள் எதையும் தடுப்பதில்லை, அவையும் வழியில் புரளக்கூடியவையே. ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட குறிமுறையில் 4 செய்திப் பிட்களுக்கு 3 கூடுதல் பிட்கள் உண்டு. ஒவ்வொரு கூடுதல் பிட்டும் குறிப்பிட்ட மூன்று செய்திப் பிட்களோடு சேர்ந்து, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி அமைக்கப்படுகிறது. பெறுபவர் இந்த மூன்று நிபந்தனைகளையும் சரிபார்க்கும்போது கிடைக்கக்கூடிய விடைகள் எட்டு: ஒன்று பிழையில்லை என்று சொல்லும், மற்ற ஏழும் ஏழு இடங்களில் எது புரண்டது என்று காட்டும். ஒரு விடைகூட வீணாகாத இந்த அமைப்பைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் எனக்கு வியப்புக் குறைவதில்லை. மீட்சிக்குக் காரணம் பிட்களுக்கிடையே நாம் முன்கூட்டியே போட்டுவைத்த கட்டு. கலைச்சொல் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே ‘பிணைப் பிட்’ என்று முன்மொழிகிறேன். பிணை என்பதற்குக் கட்டு என்ற பொருளும் உண்டு, பொறுப்பேற்பு என்ற பொருளும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் கடன் எடுக்கும்போது பிணை நிற்பவர், அவர் தவறினால் அந்தக் கடனுக்குத் தாம் பொறுப்பாவதைப் போல, செய்திப் பிட் தவறும்போது அதன் மதிப்பை இந்தப் பிட்கள் ஈடுசெய்கின்றன.

சில பிட்களே கொண்ட குறுகிய செய்திகளில் இச்சொல்லின் தேவை இன்னும் கூடுகிறது. இரைச்சலுள்ள வழியில் நம்பகமாகச் செய்தி அனுப்பக்கூடிய உச்ச வீதம் என்று ஷானன் 1948இல் காட்டிய எல்லையை நெருங்குவதற்குச் செய்தித் தொகுதி மிக நீண்டதாக இருக்க வேண்டும். நீளத்தில் இரைச்சல் சராசரிப்பட்டுவிடும், குறுகிய தொகுதியில் அதற்கு இடமில்லை. பொலியான்ஸ்கி, பூர், வெர்டூ ஆகியோர் 2010இல் காட்டியபடி, அந்த எல்லைக்கும் அடையக்கூடிய வீதத்துக்கும் உள்ள இடைவெளி, தொகுதி நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ நேர்மாறாகவே சுருங்குகிறது. ஐந்தாம் தலைமுறை (5G) கைபேசி வலையமைப்புக்கு வகுத்த இலக்கு ஒன்று, 32 பைட் செய்தியை 1 மில்லிசெக்கனுக்குள் 99.999 வீத உறுதியுடன் சேர்ப்பது. பிழைபட்டால் திரும்ப அனுப்பச் சொல்லிக் காத்திருக்க அங்கே பெரும்பாலும் நேரம் போதாது. முதல் முறையிலேயே பிணை வலுவாக இருக்க வேண்டும். குளத்துக்கு மில்லிசெக்கன் அவசரம் இல்லை, இயந்திரக் கைகளுக்கும் மின்வலையமைப்பின் பாதுகாப்புக்கும் உண்டு. செய்தி போய்ச் சேர எடுக்கும் தாமதத்துக்கு, நம் வீடுகளில் புழங்கும் ‘சுணக்கம்’ என்பதையே எடுத்துக் ‘குறுஞ்சுணக்கத் தொடர்பாடல்’ என்னலாம்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து

*

வணக்கம்.

தங்கள் விளக்கத்துக்கு நன்றி. ‘மிகை’ பிழையான எண்ணத்தைத் தரும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடை உண்டு. அரிக்கான் 2009இல் வெளியிட்ட துருவக் குறிமுறை ஐந்தாம் தலைமுறையின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் பயன்படுகிறது. அதன் வழக்கமான வடிவில் செய்திப் பிட்கள் தனியாகவும் கூடுதல் பிட்கள் தனியாகவும் வெளியே தெரிவதில்லை. உள்ளீட்டில் சில இடங்களை இருபுறத்தாரும் அறிந்த மதிப்பில், பெரும்பாலும் பூச்சியத்தில், நிறுத்திவைத்துவிட்டு மற்ற இடங்களில் செய்தியை ஏற்றுகிறார்கள். வெளிவரும் பிட் ஒவ்வொன்றும் உள்ளீடுகளின் கலவை. அங்கே எந்தப் பிட்டைச் சுட்டிப் பிணைப் பிட் என்று மாணவருக்குச் சொல்வது?

வவுனியாவிலிருந்து

*

வணக்கம் ஐயா.

தங்கள் தடை சரியானது. அது சொல்லைத் தெளிவாக்கவும் உதவுகிறது. பண்பைக் குறிக்கப் ‘பிணைப்பு’ என்றும், ஹாமிங், கோலே குறிமுறைகளில்போல் செய்தியிலிருந்து தனித்து நிற்கும் பிட்டைக் குறிக்க மட்டும் ‘பிணைப் பிட்’ என்றும் பிரித்துக்கொள்வோம். துருவக் குறிமுறையில் பிணைப்பு உண்டு, பிணைப் பிட் இல்லை. மதிப்பு மாறாமல் நிறுத்தப்படும் உள்ளீட்டை ‘நிலைநிறுத்திய பிட்’ என்னலாம். ஆங்கிலத்தில் அதை உறைந்தது என்கிறார்கள். தமிழில் உறைதல் குளிரைத்தான் நினைவூட்டும் என்பதால் அதைத் தவிர்த்தேன். இரசாயனப் பாடத்தில் அணுக்களின் கட்டையும் பிணைப்பு என்றே படிப்பிக்கிறோம். துறை வேறாக இருப்பதால் மயக்கம் வராது என நம்புகிறேன். வகுப்பறையில் மயக்கம் கண்டவர்கள் தயவுசெய்து எழுத வேண்டும்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து