பயாஸ் அப்டேட் பாதியில் நின்றது, லேப்டாப்பில் திரையே வரவில்லை: பதிவுகள் தப்புமா?

செந்தூல்_மலர்:
அனைவருக்கும் வணக்கம். 14 அங்குல லேப்டாப், இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. பேட்டரி 60 சதவீதம் என்று காட்டும், ஆனால் சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். நேற்று சாயங்காலம் விண்டோஸ் அப்டேட்டோடு பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் முதல் மென்பொருள்) அப்டேட்டும் சேர்ந்து வந்தது. கருப்புத் திரையில் பாதி ஓடியிருக்கும், இடி இடித்து வீட்டு ஈஎல்சிபி (மின்கசிவு பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிட்டது.

இப்போது பவர் விளக்கு எரிகிறது, விசிறி ஐந்து நொடி சுற்றி நிற்கிறது, திரை கருப்பு. கேப்ஸ் லாக்கை அழுத்தினாலும் அதன் விளக்கு எரிவதில்லை. அரை நிமிடத்தில் தானே அணைந்து மறுபடி கிளம்புகிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியில் போட்டும் படம் இல்லை. ஒரு கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும், 900 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் மதிப்பெண் பதிவுகள் முழுக்க இதில்தான் இருக்கின்றன. வேறு வழி உண்டா?

பாகான்_ஜெர்மால்:
டீச்சர், பதிவுகள் எஸ்எஸ்டியில் இருக்கின்றன. கெட்டது மதர்போர்டில் உள்ள எட்டுக்கால் சிப்பில் இருக்கும் பயாஸ். இரண்டும் வேறு வேறு இடம், அதனால் பதற வேண்டாம். ஒன்று மட்டும் இன்றைக்கே பாருங்கள்: டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கியிருந்தால் உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பக்கத்தில் 48 இலக்க மீட்பு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தாளில் எழுதி வையுங்கள். பள்ளிக் கணக்கு என்றால் அதை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள்.

அந்த எண் கைக்கு வந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு, வேறு கணினியில் செருகிப் பதிவுகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். என்விஎம்இக்கான உறை என்று கேட்டு வாங்குங்கள். சாட்டா உறையும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் உங்கள் எஸ்எஸ்டியைப் படிக்காது. பதிவு பத்திரமான பிறகு லேப்டாப்பில் நிதானமாகக் கை வைக்கலாம்.

பேட்டரி பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். அப்டேட் தொடங்கும்முன் பேட்டரியில் பார்ப்பது சதவீத எண்ணை மட்டும்தான். பேட்டரி சுமையைத் தாங்குமா என்று அது சோதிப்பதில்லை. நல்ல பேட்டரி இருந்திருந்தால் ஈஎல்சிபி விழுந்தும் அப்டேட் ஓடி முடிந்திருக்கும்.

புடு_சால்டர்:
மதர்போர்டு மாத்த அவசரப்படாதீங்க. கேப்ஸ் லாக் எரியலைன்னா பயாஸ் கீபோர்டைத் தொடுற கட்டம் வரைக்கும்கூடப் போகலைன்னு அர்த்தம். ராம் கெட்டாலும் இதே மாதிரி காட்டும். அதனால ராமைக் கழட்டி, கால்களைத் துடைச்சு, ஒரே ஒரு குச்சியை மட்டும் மாட்டிப் பாருங்க. அதுல மாறலைன்னா பயாஸ்தான்.

அடுத்தது இலவச வழி. ரொம்ப லேப்டாப்ல பூட் பிளாக்னு ஒரு சின்னப் பகுதி தனியா இருக்கும். அது உயிரோட இருந்தா பென்டிரைவ்லேருந்து பயாஸை அதுவே எடுத்துப் போட்டுக்கும். எச்பின்னா விண்டோஸ் கீயும் பி கீயும் பிடிச்சுக்கிட்டு பவரை ரெண்டு மூணு நொடி அழுத்தி விடணும், கீயை மட்டும் விடக்கூடாது. டெல்லுன்னா கண்ட்ரோலும் எஸ்கேப்பும் பிடிச்சுக்கிட்டு சார்ஜரைச் செருகணும். இன்சைட் பயாஸ் உள்ள பல மாடல்ல எஃப்என்னும் எஸ்கேப்பும். பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கணும். கோப்புப் பெயர் மாடலுக்கு மாடல் மாறும், உங்க மாடலுக்கு உற்பத்தியாளர் சொன்ன பெயர்லயே வைக்கணும்.

விளக்கு உள்ள பென்டிரைவா எடுங்க. விளக்கு படபடன்னு மினுக்கினா பூட் பிளாக் படிக்குது, பத்து நிமிஷம் தொடாம விடுங்க. ஒரே சீரா எரிஞ்சுக்கிட்டே இருந்தா மின்சாரம் மட்டும்தான் போகுது, யாரும் படிக்கலை.

செந்தூல்_மலர்:
மிக்க நன்றி. மீட்பு எண் கணக்கிலேயே இருந்தது. உறை வாங்கி, பதிவுகளை என் தம்பியின் கணினியில் எடுத்துவிட்டேன். நெஞ்சு பாதி லேசானது. ராமை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. பென்டிரைவ் விளக்கு சீராக எரிகிறது, மினுக்கவே இல்லை. மூன்று முறை முயன்றேன். அடியட்டையைக் கழற்றிப் பார்த்ததில் எட்டுக்கால் சிப் ஒன்றின் மேல் வின்பாண்ட், 25கியூ128ஜேவிஎஸ்கியூ என்று எழுதியிருக்கிறது. தம்பிக்குக் கொஞ்சம் சால்டரிங் தெரியும்.

கெப்போங்_வேலு:
சுலபம்தான் டீச்சர். சிப்பைப் படிச்சு எழுதற புரோகிராமர் கருவியும், சிப்பைக் கவ்வற கிளிப்பும் வாங்குங்க. உங்க மாடலோட முழு 16 எம்பி டம்ப், அதாவது சிப்புல உள்ளதோட நகல், இணையத்துல கிடைக்கும். சிப்பை அழிச்சு அதை எழுதினா லேப்டாப் எழுந்திடும்.

பாகான்_ஜெர்மால்:
வேலு தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அப்படிச் செய்யவே கூடாது. அந்தச் சிப்பில் பயாஸ் மட்டும் இல்லை. தொடக்கத்தில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் 4 கேபி டிஸ்கிரிப்டர், நெட்வொர்க் போர்ட் உள்ள மாடல் என்றால் அந்தப் போர்ட்டின் அடையாள எண்ணான மேக் முகவரி இருக்கும் 8 கேபி பகுதி, பிறகு இன்டெலின் சொந்த மென்பொருளான எம்இ பகுதி, மீதிதான் பயாஸ். பயாஸுக்குள்ளேயும் சீரியல் எண், விண்டோஸ் உரிம எண், அமைப்புகள் எல்லாம் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். வேறொருவர் லேப்டாப்பின் முழு டம்ப்பை எழுதினால் அவருடைய சீரியலும் மேக் முகவரியும் டீச்சர் லேப்டாப்புக்கு வந்துவிடும், டீச்சருடையது என்றைக்கும் திரும்பாது. சாவிகளைக் காக்கும் டிபிஎம் எம்இக்குள் ஓடும் வகையாக இருந்தால் பிட்லாக்கர் சாவியும் போய்விடும். லேப்டாப் எழுந்தாலும் அது வேறொருவருடைய லேப்டாப் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

அப்டேட் பாதியில் நின்றால் வழக்கமாகக் கெடுவது பயாஸ் பகுதி மட்டும்தான். அதனால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் முன்னால், சிப்பில் இப்போது இருப்பதை அப்படியே படித்து மூன்று இடத்தில் சேமியுங்கள். அந்தக் கோப்பு கையில் இருக்கும்வரை எந்தத் தவறையும் திருத்தலாம்.

புடு_சால்டர்:
டீச்சர், சிப் பேர்ல "ஜேவி" இருக்கறது நல்ல சேதி. அது 3.3 வோல்ட். "ஜேடபிள்யூ"ன்னு இருந்தா 1.8 வோல்ட், அதுக்கு நடுவுல அடாப்டர் போடணும். மேக்ரோனிக்ஸ்ல 25எல் 3.3, 25யூ 1.8. கிகாடிவைஸ்ல 25கியூ 3.3, 25எல்கியூ 1.8. இதைப் படிக்காம கிளிப்பை மாட்டினா சிப் செத்துடலாம்.

வாங்க வேண்டியது: சிஎச்341ஏ புரோகிராமர், எஸ்ஓஐசி-8 கிளிப். ஆன்லைன்ல ரெண்டும் சேர்த்தே விக்கிறாங்க, இங்க புடு ஜாலான் பாசார் பக்கம் எலெக்ட்ரானிக் கடைகள்லயும் கேட்டுப் பாருங்க. கருப்பு நிறப் பலகை வாங்கினா ஒரு ஆபத்து இருக்கு. அதோட பவர் காலில் 3.3 வோல்ட் வரும், ஆனா டேட்டா கால்கள்ல 5 வோல்ட் வரும். பல சிப் தாங்கிடும், சிலது தாங்காது. தம்பிக்கு சால்டரிங் தெரியுமே, சிஎச்341ஏ சிப்போட 28ஆம் காலைப் பலகையிலேருந்து தூக்கி, 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வெளியீட்டோட இணைக்கச் சொல்லுங்க. 9ஆம் காலையும் அதே 3.3ல இணைக்கணும். அப்புறம் மல்டிமீட்டர்ல டேட்டா காலை அளந்து 3.3க்கு மேல போகலைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் லேப்டாப் பக்கம் வரணும்.

மாட்டும் முறை: சார்ஜர் எடுங்க, பேட்டரி கனெக்டரை எடுங்க, சின்ன வட்ட பேட்டரி இருந்தா அதையும் எடுங்க. பவர் பட்டனை 20 நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடிய விடுங்க. சிப்பு மூலையில சின்னக் குழி இருக்கும், அதுதான் 1ஆம் கால். கிளிப்போட சிவப்பு வயர் அங்க வரணும். மாட்டின பிறகுதான் யுஎஸ்பியைக் கணினியில செருகணும்.

பாகான்_ஜெர்மால்:
படிக்கும்போது ஒரு தடவை போதாது. மூன்று தடவை படித்து மூன்று கோப்பாகச் சேமித்து, மூன்றின் எஸ்எச்ஏ-256 எண்ணும் (கோப்பின் கைரேகை மாதிரி) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கோப்பும் சரியாக 16,777,216 பைட் இருக்க வேண்டும். பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 17ஆவது பைட்டிலிருந்து 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்று நான்கு பைட் தெரிய வேண்டும், அது டிஸ்கிரிப்டரின் அடையாளம். முழுக்க எஃப்எஃப் அல்லது முழுக்க 00 என்றால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை.

செந்தூல்_மலர்:
பலகையைத் தம்பி சரிசெய்தான், டேட்டா காலில் 3.28 வோல்ட். உபுண்டு பென்டிரைவில் ஃபிளாஷ்ரோம் என்ற நிரல் கொண்டு படித்தோம். முதல் கோப்பும் இரண்டாவதும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவதும் வேறு. அடையாளம் மட்டும் மூன்றிலும் சரியாக இருக்கிறது. சிப் கெட்டுவிட்டதா?

புடு_சால்டர்:
சிப் நல்லாத்தான் இருக்கு டீச்சர். பெரும்பாலும் கால்ல படிஞ்ச வார்னிஷ். சிப்பு காலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, காய்ஞ்சதும் கிளிப்பை நேரா மேலேருந்து இறக்குங்க, சாய்ச்சுக் கவ்வினா ஒரு பக்கக் கால் தொடாது. யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வேணாம், டெஸ்க்டாப்ன்னா பின்பக்க போர்ட்ல நேரா செருகுங்க. அப்பவும் மாறிக்கிட்டே இருந்தா கிளிப் கொடுக்கற 3.3 வோல்ட்ட போர்டுல மத்த பாகங்களும் இழுக்குதுன்னு அர்த்தம். அப்போ சிப்பை சூடான காத்துல கழட்டி தனியாப் படிக்கணும், வேற வழி இல்ல. படிச்சது ஒத்துப்போகாம மட்டும் எழுதிடாதீங்க.

செந்தூல்_மலர்:
துடைத்த பிறகு நான்கு தடவை படித்தோம், நான்கும் ஒரே எண். பயாஸ் கோப்பைப் பகுதி பகுதியாகக் காட்டும் யூஇஎஃப்ஐடூலில் திறந்து பார்த்தேன். பயாஸ் பகுதி பதினாறடிமான முகவரி 500000இல் தொடங்கிக் கோப்பின் கடைசிவரை போகிறது. நடுவே 9ஏ0000 தொடங்கி 64 கேபி முழுக்க எஃப்எஃப். அந்த இடத்தில் சிவப்பாகத் தவறு காட்டுகிறது.

பாகான்_ஜெர்மால்:
அங்கேதான் மின்சாரம் போயிருக்கிறது. ஃபிளாஷ் சிப்பில் எழுதும்முன் அந்தத் தொகுதியை அழிக்க வேண்டும், அழித்த இடம் எஃப்எஃப் ஆகும். 64 கேபி தொகுதியை அழித்தாகிவிட்டது, எழுதும்முன் ஈஎல்சிபி விழுந்திருக்கிறது. உறுதி செய்ய, அந்தத் தொகுதிக்கு முன்னும் பின்னும் உள்ளதை உற்பத்தியாளரின் புதிய பயாஸோடு ஒப்பிடுங்கள். முன்னால் புதியது, பின்னால் பழையது என்று வரும். வெறும் எஃப்எஃப் எல்லாமே பழுது அல்ல, காலி இடமும் அப்படித்தான் இருக்கும். தவறு காட்டும் இடத்தை மட்டும் நம்புங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: உற்பத்தியாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான அதே புதிய பயாஸை இறக்குங்கள். அந்த எக்ஸி கோப்பை 7-ஜிப்பில் பிரிக்க முடிந்தால் உள்ளே பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் அப்டேட்டுக்கு மட்டும் பயன்படும் கேப்சூல் தலைப்பு ஒட்டியிருக்கும், அதனால் அதை நேரடியாகச் சிப்பில் எழுதக் கூடாது. யூஇஎஃப்ஐடூலில் தலைப்பை விட்டு உள்ளுடலைப் பிரித்தெடுங்கள். பயாஸ் பகுதி 11 எம்பி, அதாவது 11,534,336 பைட். பிரித்தெடுத்ததும் அதே அளவு இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் நிறுத்திவிட்டு இங்கே சொல்லுங்கள்.

பிறகு உங்கள் டம்ப்பின் நகல் ஒன்றில், 500000 முதல் கடைசிவரை புதியதை ஒட்டுங்கள். ஒட்டியதும், உங்கள் பழைய டம்ப்பில் உள்ள என்விராம் வால்யூமை (அமைப்புகள் இருக்கும் பகுதி) அதே முகவரியில் திரும்ப மேலே ஒட்டுங்கள், உரிமமும் சீரியலும் வேறு வால்யூமில் இருந்தால் அதையும். பழைய டம்ப்பில் உங்கள் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியலைத் தேடினால் எந்த வால்யூம் என்று தெரிந்துவிடும். ஹெக்ஸ் எடிட்டரில் செருகாமல் மேலெழுதும் முறையில் ஒட்ட வேண்டும், செருகினால் எல்லாம் நகர்ந்துவிடும். மற்ற வால்யூம்களில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். இன்டெல் பூட் கார்டு இயங்கும் போர்டு என்றால் கையொப்பம் பொருந்தாத பூட் பகுதியை பிராசஸரே ஏற்காது.

செந்தூல்_மலர்:
அளவு பொருந்தியது. முன்னால் புதியது, பின்னால் பழையது, நீங்கள் சொன்னபடியே. சீரியல் என்விராமுக்கு அடுத்த சிறு வால்யூமில் இருந்தது, இரண்டையும் திரும்ப ஒட்டினேன். எழுதி முடித்து வெரிஃபை சரி என்று வந்தது. பேட்டரியும் சார்ஜரும் மாட்டிப் பவரை அழுத்தினேன். இரண்டு நிமிடமாகியும் திரை கருப்பு. தானே ஒருமுறை அணைந்து எழுந்தது. மறுபடி எழுதவா?

புடு_சால்டர்:
தொடாதீங்க டீச்சர்! பயாஸ் ராமை முதல் தடவை சோதிச்சுப் பழக்கிக்கிட்டு இருக்கு. ரெண்டு மூணு தடவை அணைஞ்சு எழும். கேப்ஸ் லாக் அழுத்திப் பாருங்க.

செந்தூல்_மலர்:
கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது! திரையும் வந்துவிட்டது. தேதி தவறு என்று கேட்டது, சரிசெய்தேன். பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்டது, தாளைப் பார்த்துக் கொடுத்தேன். விண்டோஸ் உள்ளே வந்துவிட்டது, உரிமம் செயலில் இருக்கிறது, சீரியலும் அடியில் உள்ளதே. உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. எஸ்எஸ்டியை அப்படியே விடலாமா, ஏதாவது மாற்ற வேண்டுமா?

பாகான்_ஜெர்மால்:
மிகவும் மகிழ்ச்சி டீச்சர். பிட்லாக்கர் ஒருமுறை எண் கேட்டது பயாஸ் மாறியதால்தான். அடுத்த முறையும் கேட்டால் பிட்லாக்கரை இடைநிறுத்தி மறுபடி தொடங்குங்கள், புதிய அளவீடு பதிந்துவிடும். எஸ்எஸ்டியில் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்றைக்கே பயாஸ் அமைப்புக்குள் போய், விண்டோஸ் வழியாக ஃபர்ம்வேர் (பயாஸ்) அப்டேட் வருவதை அனுமதிக்கும் தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். புதிய பேட்டரி போடும்வரை அது அணைந்தே இருக்கட்டும். அந்த நான்கு டம்ப் கோப்பில் ஒன்றை லேப்டாப்புக்கு வெளியே, தம்பியின் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள், பெயரில் தேதியும் மாடலும் போட்டு.