எலும்புக்கூட்டின் அருகே என்ன எழுதி வைப்பது?

கேள்வி:
அருங்காட்சியகம் ஒன்றில் காட்சிக் குறிப்புகள் எழுதும் பணியில் இருக்கிறேன். அகழாய்வில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டுக்கு, "வயது 35–45, பல் எனாமல் வளர்ச்சிக் குறை, முன்கை எலும்பில் ஆறிய முறிவு" என்று ஆய்வறிக்கையில் உள்ளபடியே எழுதி வைத்தோம். பார்வையாளர்கள் அதைப் படிக்காமல் மண்டையோட்டைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எளிமையாக்கினால் துல்லியம் கெடும் என்கிறார் எங்கள் ஆய்வாளர். கதையாக எழுதினால் இறந்தவரை வேடிக்கைப் பொருளாக்கிவிடுவோமோ என்று நான் தயங்குகிறேன். எவ்வாறு எழுதலாம்?

பதில் 1:
கலைச்சொற்களைவிடப் பெரிய குறை, முடிவை மட்டும் சொல்லி, அதற்கு எப்படி வந்தீர்கள் என்பதை மறைத்திருப்பதுதான். பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமல் சிறு வயதில் உருவாகிறது. பின்னர் புதிதாக வளர்வதில்லை. ஆகவே அந்த வயதில் நோயோ உணவுக் குறைவோ வளர்ச்சியைத் தடுத்திருந்தால், அதன் தடம் பல்லில் குறுக்குக் கோடாக வாழ்நாள் முழுதும் நிற்கும். "முன்பல்லில் ஓடும் கோட்டைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது இவர் கடும் நோயிலோ பட்டினியிலோ வாடி, பிழைத்திருக்கிறார்" என்று எழுதிப் பாருங்கள்; கண் முதலில் பல்லுக்குப் போகும், பிறகுதான் வாசகத்துக்கு வரும். வயதை ஏன் பத்தாண்டு இடைவெளியாகச் சொல்கிறீர்கள் என்பதற்கும் ஒரு வரி தேவை: வளர்ச்சி முடிந்த பின் மூட்டுகளின் தேய்மானத்தைக் கொண்டே கணிக்க வேண்டியிருப்பதால், அது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் அந்த உடல் அங்கே எப்படி வந்தது என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். அசாதாரண உயரத்தால் பெயர்பெற்று 1783-இல் இறந்த அயர்லாந்துக்காரரான சார்லஸ் பைர்ன், தம் உடல் உடற்கூற்றியலாளர்களின் கையில் சிக்கக் கூடாதென்று கடலில் அடக்கம் செய்யப்பட விரும்பினார். ஆனால் அது உடற்கூற்றியலாளர் ஜான் ஹன்டரின் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் அவருடைய எலும்புக்கூடு காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. அவருடைய உயரத்தை மட்டும் கூறிய ஒரு குறிப்பு, அது எவ்வளவு எளிய மொழியில் இருந்தாலும், பாதி உண்மையே.

காட்சி அமைப்பும் ஒரு விளக்கம்தான். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஊட்சி எனப்படும் பழங்கால மனிதரின் உடலை இத்தாலியின் போல்சானோவில் ஒரு சிறு சாளரத்தின் வழியாகவே பார்க்க முடியும். பார்க்க விரும்பாதவர் விலகிச் செல்லலாம். விரும்புபவர் தாமாகவே அருகில் வந்து குனிகிறார். உங்கள் பேழை கூடத்தின் நடுவே இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
ஆம், வாயிலுக்கு நேரெதிரே இருக்கிறது; அதை மாற்றப் பரிந்துரைக்கிறேன். பல்லைப் பற்றிய வாக்கியத்தை ஆய்வாளரிடம் காட்டினேன். "கடும்" என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டார், கோட்டை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாதாம். மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்.